ஆறு அங்குலக் குழல், ஆறு அறைகள்: கே-38 ரிவால்வருடன் என் அனுபவம்

இலக்குச் சுடுதலுக்கென்றே அமெரிக்காவில் செய்யப்பட்ட நடுத்தர அளவு ரிவால்வர்களில், ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் கே-38 டார்கெட் மாஸ்டர்பீஸுக்கு இன்றும் தனி மதிப்பு இருக்கிறது. 1957-இல் அந்நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கு எண்களைச் சூட்டியபோது அது மாடல் 14 என்றும், .22 காலிபரில் (காலிபர் என்பது குழல் துளையின் பெயரளவு, அங்குலத்தில்) வந்த அதன் உடன்பிறப்பான கே-22 மாடல் 17 என்றும் பெயர் பெற்றன. இவ்விரண்டையும் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். ஒவ்வொரு சுடுக்குப் பின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள் இவ்வளவு முன்னேறிய பிறகும் இந்தப் பழைய ரிவால்வரை ஏன் எடுத்துவருகிறீர்கள் என்று சுடுதளத்தில் இளையவர்கள் கேட்பதுண்டு. பழம்பொருள் மீதுள்ள பாசம் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. சுடுபவரின் கைக்கும் தாளில் விழும் துளைக்கும் நடுவே இந்த ரிவால்வர் எதையும் மறைப்பதில்லை. பிழை யாருடையது என்பதை அது உடனே காட்டிவிடுகிறது. அதனால்தான் அதை விட முடியவில்லை.

அந்த நேர்மைக்கு முதல் காரணம் அதன் அளவு. கே சட்டகம் என்று அழைக்கப்படும் இந்த உடலமைப்பு 1899-இல் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பணித்துப்பாக்கியில் தொடங்கியது. .38 ஸ்பெஷல் தோட்டாவும் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்ததுதான். ஆகவே தோட்டாவும் சட்டகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்து வளர்ந்தவை என்று சொல்லலாம். மேக்னம் எனப்படும் ஆற்றல் மிகுந்த பெரிய தோட்டாக்களுக்கான ‘N’ சட்டகம் சராசரிக் கைக்குச் சற்றுப் பருமன். ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய ஜே சட்டகமோ சட்டைப்பைக்காகச் செய்யப்பட்டது, இலக்குத் தளத்தில் அது கையில் நிலைப்பதில்லை. இவற்றுக்கு இடையே நிற்கும் கே சட்டகத்தில், பிடியைச் சரியாகப் பற்றியதும் சுட்டுவிரலின் முதல் கணு தானாகவே விசையின் (ட்ரிகரின்) மேல் போய் அமர்கிறது. சிறிய கையுடையவரும் பெரிய கையுடையவரும் ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுட்டு, இருவரும் திருப்தியோடு கீழே வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்குச் சற்று முன்பாக, 1940-இல், கே-22 மாஸ்டர்பீஸ் வெளிவந்தது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் விழும் தூரம் அதில் குறைக்கப்பட்டிருந்தது. கிளிக் ஓசையோடு அளவாகத் திருகக்கூடிய மைக்ரோமீட்டர் பின்குறியும் (குறிபார்க்கும் பின்பக்கப் பள்ளம்) சேர்ந்திருந்தது. போர் காரணமாக அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. போர் முடிந்தபின், 1940-களின் பிற்பகுதியில், .22, .32, .38 என்ற மூன்று காலிபர்களிலும் இந்த வரிசை முழுமை பெற்றது. இங்கே அந்தப் பொறியாளர்கள் செய்த ஒரு வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். குழலின் துளை பெரிதாகும்போது உலோகம் குறைகிறது. எனவே ஒரே வெளியளவில் செய்தால் .38 துப்பாக்கி .22-ஐ விட இலேசாகிவிடும். குழலின் மேல் ஓடும் விலா போன்ற பட்டையின் அகலத்தை மாற்றி அவர்கள் அந்த வேறுபாட்டை ஈடுகட்டினார்கள். தோட்டா நிரப்பிய நிலையில் மூன்றும் சுமார் 38½ அவுன்ஸ் எடையில் நின்றன. காலையில் .22-இல் பயிற்சி செய்து மாலையில் .38-ஐக் கையில் எடுப்பவருக்குத் தோள், மணிக்கட்டு, குறியின் தோற்றம் எதுவும் புதிதாக இராது. இன்று பயிற்சிக்கு ஒன்றும் போட்டிக்கு வேறொன்றும் வாங்கி, இரண்டின் விசைக்கும் நடுவே அல்லல்படுபவர்களைப் பார்க்கும்போது இந்த ஏற்பாட்டின் அருமை விளங்குகிறது.

அடுத்தது தோட்டா. .38 ஸ்பெஷலின் கூடு, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறை, கருமருந்துக் கால அளவில் நீளமானது. புகையில்லா வெடிமருந்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. அந்த வெற்றிடத்தை இலக்குச் சுடுபவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். தட்டையான முகமுடைய, 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள வாட்கட்டர் ஈயக் குண்டைக் கூட்டின் வாய் மட்டத்திற்கு உள்ளே அமிழ்த்தி, குறைந்த மருந்தோடு நிரப்பினார்கள். அது நொடிக்கு ஏறத்தாழ 700 அடி வேகத்தில் செல்லும், பின்னுதைப்பு மென்மையானது. கூர்முனைக் குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில், வாட்கட்டர் துளைப்பான் போட்டது போல வட்டமாக வெட்டிச் செல்லும். வளையத்தின் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வழக்கு அதனால் பெரிதும் குறைகிறது. பின்புறம் குழிந்த வாட்கட்டரை வேகமாகச் செலுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மருந்தைக் கூட்டினால் அதன் மெல்லிய பின்விளிம்பு பிய்ந்து குழலிலேயே தங்கிவிடக்கூடும். அடுத்த குண்டு அதன் மேல் மோதினால் குழல் கெடும், கைக்கும் ஆபத்து. இந்தத் தோட்டா மெதுவாகப் போவதற்கே பிறந்தது.

விசையைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையை அழுத்தும் சிங்கிள் ஆக்ஷன் முறையில், நல்ல நிலையிலுள்ள மாடல் 14-இன் விசை மூன்று பவுண்டு அளவில், கண்ணாடிக் குச்சி ஒடிவது போலச் சட்டென்று விடுபடும். அதற்கு முன் நகர்வும் இல்லை, பின் தொய்வும் இல்லை. இந்தத் தெளிவு சுகமானது என்பதோடு நில்லாமல் பாடமும் நடத்துகிறது. விசை எந்தக் கணத்தில் விடுபடும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால், மணிக்கட்டு அதற்கு முன்பே இறுகி முன்குறியைக் கீழே தள்ளிவிடும். தாளில் துளை வலக்கைக்காரருக்கு இடப்புறம் கீழே விழும். இதைக் கண்டுபிடிக்க ரிவால்வரை விடச் சிறந்த கருவி இல்லை. உடன் சுடும் நண்பரிடம் கொடுத்து, சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் தோட்டா அமரும் அறைகள் சிலவற்றில் தோட்டாவும் சிலவற்றில் வெற்றுக் கூடுகளுமாக, எது எங்கே என்று தெரியாதபடி நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். வெற்றுக் கூட்டின் மேல் சுத்தியல் விழும்போது குழல் முனை அசைந்தால், அசைத்தது நாம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எந்த வகுப்பும் எனக்குத் தராத தெளிவை இந்த எளிய பயிற்சி தந்தது. புதியவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவதும் இதைத்தான்.

விசையையே நீளமாக இழுத்து, சுத்தியலை எழுப்பி, விழவும் செய்யும் டபுள் ஆக்ஷன் முறையைப் பலர் இலக்குச் சுடுதலுக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒதுக்கலில் எனக்கு உடன்பாடில்லை. இழுவை பத்துப் பவுண்டுக்கு மேல் இருந்தாலும், கே சட்டகத்தில் அது தொடக்கம் முதல் முடிவு வரை சீராக ஓடுகிறது. பாதியில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, பிறகு மிச்சத்தை இழுப்பது தொடக்கத்தில் நல்ல பலன் தருவது போலத் தோன்றும். ஆனால் நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்போது விரல் திடுமென்று பாய்கிறது. ஒரே வேகத்தில், நிறுத்தாமல், முன்குறியின் மேல் விளிம்பை மட்டும் பார்த்தபடி இழுக்கக் கற்றவரின் சிங்கிள் ஆக்ஷன் சுடுதலும் தானாகச் சீர்படுகிறது. தினமும் சிறிது நேரம் வெறும் துப்பாக்கியை வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்து இதைப் பழகலாம். தோட்டாக்கள் அனைத்தும் வீட்டின் வேறோர் அறையில் இருக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்த பின்னரே தொடங்க வேண்டும். சுவருக்கு அப்பால் யாரும் இருக்கக்கூடிய திசையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கே-22-இல் மட்டும் வெற்று அறையில் சுத்தியலை விழவிட நான் அனுமதிப்பதில்லை. விளிம்பில் அடிபட வேண்டிய தோட்டா என்பதால், கூடு இல்லாதபோது தோட்டாவை அடிக்கும் ஊசி, அறையின் ஓரத்தைப் பதம்பார்க்கும் வாய்ப்பு உண்டு. பயன்படுத்திய கூடுகளை இட்டு, அவ்வப்போது திருப்பி வைத்தால் போதும்.

அமெரிக்காவின் மரபான புல்ஸ்ஐ போட்டியில் இந்த ரிவால்வர் எங்கே நிற்கிறது என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். அங்கே ஒரே கையால்தான் சுட வேண்டும். 50 கஜத்தில் பத்து நிமிடங்களில் பத்துச் சுடுகள். 25 கஜத்தில் ஐந்து சுடுகளுக்கு 20 நொடி என்று ஒரு சுற்று, ஐந்து சுடுகளுக்கு 10 நொடி என்று இன்னொரு சுற்று. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். மெதுவாகச் சுடும் 50 கஜச் சுற்றில் நல்ல மாடல் 14 எந்தப் பிஸ்டலுக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. பத்து நொடிச் சுற்றில்தான் அதன் குறை வெளிப்படுகிறது: ஒவ்வொரு சுடுக்கும் கட்டைவிரல் சுத்தியலை எழுப்ப வேண்டும், அதற்காகப் பிடி சற்றே தளர வேண்டும், தளர்ந்த பிடி மீண்டும் அதே இடத்தில் அமர வேண்டும். வாட்கட்டர் தோட்டாவையே உண்ணும் மாடல் 52 பிஸ்டலை அதே நிறுவனம் 1961-இல் கொண்டுவந்ததே, போட்டிக்களம் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதைக் காட்டியது. புள்ளிப்பட்டியலின் உச்சிதான் ஒருவரின் நோக்கமென்றால், அவர் இன்று பிஸ்டலை எடுப்பதே சரி. ஆனால் கட்டைவிரலால் சுத்தியலை எழுப்பும் அந்த ஒரு நொடியில் மூச்சையும் பிடியையும் மீட்டுக்கொள்ளப் பழகியவர் பிற்பாடு எதைச் சுட்டாலும் அவசரப்படுவதில்லை.

ரிவால்வருக்கென்றே உரிய ஒரு நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பிஸ்டலில் ஒரே அறை; ரிவால்வரில் ஆறு. ஆறும் ஒரே கருவியால் கடையப்பட்டிருந்தாலும், குழலின் நேர்க்கோட்டில் வந்து நிற்பதிலும் வாயின் விட்டத்திலும் மயிரிழை வேறுபாடு இருக்கும். சிலிண்டரின் வெளிப்புறத்தில் அழிக்கக்கூடிய மையால் எண்களிட்டு, துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து, ஒவ்வோர் அறைக்கும் தனித்தாள் வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து அறைகள் ஒத்துப்போகும். ஒன்று மட்டும் எப்போதும் ஒரே பக்கம் விலகும். போட்டிச் சுற்றுக்கு ஐந்து தோட்டாக்களே தேவை என்பதால் அந்த ஓர் அறையை வெறுமையாக விட்டுவிடலாம். கவனமாகச் சுட்டும் ஐந்துக்கு ஒன்று விலகுகிறதே என்று தம் கையையே சந்தேகித்துக்கொண்டிருந்த ஒருவர், இதைச் செய்துபார்த்த பின் நிம்மதியடைந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

குறிகளைப் பொறுத்தவரை, செங்குத்தான பின்முகமுடைய பாட்ரிட்ஜ் முன்குறியும், சதுரப் பள்ளமுடைய பின்குறியும் கறுப்புத் தாளின் அடியில் வைத்துப் பார்க்கத் தெளிவாக நிற்கும். இருபுறமும் சம வெளிச்சம், மேல் விளிம்புகள் ஒரே மட்டம், பார்வை முன்குறியில். இலக்கு மங்கலாகத் தெரிவதே முறை. தோட்டாவை மாற்றினால் பின்குறியையும் திருக வேண்டியிருக்கும், அதுவும் பலர் எதிர்பாராத திசையில். கனமான, மெதுவான குண்டு தாளில் மேலே அடிக்கும். ஏனெனில் அது குழலை விட்டு வெளியேறுவதற்குள் பின்னுதைப்பு குழல் முனையை உயர்த்திவிடுகிறது. பிடியின் இறுக்கம் மாறினாலும் இதே காரணத்தால் துளையின் இடம் மாறும். ஆகவே குறியைத் திருகுவதற்கு முன் பிடியை ஒரே விதமாக்குவதில் நேரம் செலவிட வேண்டும். விசைக்காப்பு வளையத்திற்குப் பின்னால் பழைய மெல்லிய மரப்பிடிகள் விடும் இடைவெளியை நிரப்பும் சிறு உலோகத் துண்டு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. நடுவிரலின் கணுவை அடிபடாமல் காப்பதோடு, கை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் அமரவும் அது உதவுகிறது. விலை உயர்ந்த எந்த மாற்றத்தையும் விட அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பழைய துப்பாக்கியை வாங்குபவர்கள் நீலமெருகின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். மெருகு தேய்ந்த துப்பாக்கி நன்றாகச் சுடலாம். மினுமினுக்கும் துப்பாக்கி உள்ளே தளர்ந்திருக்கலாம். விற்பவரின் அனுமதியோடு, தோட்டா இல்லை என்பதை இருவரும் உறுதி செய்துகொண்டு, சிலிண்டரின் மேல் ஒரு விரலை இலேசாக அழுத்தித் தடை கொடுத்தபடி சுத்தியலை மிக மெதுவாக எழுப்பிப் பார்க்க வேண்டும். சுத்தியல் முழுமையாக நிற்பதற்குள் சிலிண்டர் தன் பள்ளத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் ஒன்றிரண்டில்தான் பிசகும். எழுப்பிய சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளினால் அது நழுவி விழக்கூடாது. விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள், அந்தத் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட வேண்டும். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் உணரத்தக்க ஆட்டம் இருக்கக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைப்பட்ட இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் பத்து பங்கு வரை இருப்பது ஏற்கத்தக்கது. .357 மேக்னம் கொள்ளும் கே சட்டகத் துப்பாக்கிகளில், இலேசான குண்டுடைய வேகத் தோட்டாக்களை ஓயாமல் சுட்டதால் குழலின் பின்முனையில் வெடிப்பு விழுந்த செய்திகள் உண்டு. சிலிண்டரைத் தாங்கும் யோக் என்ற கைக்கு இடம் விட அந்த முனையின் அடிப்பகுதி தட்டையாகச் சீவப்பட்டிருப்பதே அதன் காரணம். வாட்கட்டர் மட்டுமே உண்டு வாழ்ந்த மாடல் 14-இல் அந்தக் கவலை எழுவதில்லை.

பிடியின் முன்பக்கம், அடியில் உள்ள சிறு திருகையும் பார்க்க வேண்டும். சுத்தியலை இயக்கும் வில்லுக்கு அழுத்தம் தருவது அதுதான். விசை இலேசாக வேண்டும் என்ற ஆசையில் முந்தைய உரிமையாளர்கள் அதைத் தளர்த்திவிடுவதும் முனையை அராவிவிடுவதும் வழக்கம். என் கைக்கு வந்த ஒரு துப்பாக்கி, கடையில் வெறுமனே இழுத்தபோது வெண்ணெய் போல இருந்தது. தளத்திலோ தோட்டாக்கள் அடிபட்டும் வெடிக்காமல் நின்றன. அராவப்பட்ட அந்தத் திருகுக்குப் பதிலாக முழு நீளத் திருகைப் போட்டு இறுக்கிய பின் ஒரு தோட்டாவும் மறுக்கவில்லை. அந்தத் திருகு முழுவதும் இறுகியிருக்க வேண்டும். இலேசாக்க நினைப்பவர் அதற்கான தேர்ச்சி பெற்ற கைவினைஞரிடம் போக வேண்டும்.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. ஆனால் சிறிய ஒழுக்கங்கள் உண்டு. கூடுகளை வெளியேற்றும்போது குழலை வானோக்கி நிமிர்த்தி, தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரே வீச்சில் அழுத்த வேண்டும். குழல் தாழ்ந்திருந்தால் எரியாத மருந்துத் துகள்கள் நட்சத்திர வடிவ வெளியேற்றியின் அடியில் போய் அமர்ந்துகொள்ளும், பிறகு சிலிண்டர் மூட மறுக்கும் அல்லது சுழல இறுகும். அப்போது பழைய பல்துலக்கியால் அந்த நட்சத்திரத்தின் அடியைத் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுழற்சி இறுகுவதற்கு இன்னொரு காரணம் தள்ளுகோல் மரை கழன்று முன்னே நீள்வது. ஏறத்தாழ 1960 வரை வந்த துப்பாக்கிகளில் அது சாதாரண வலமரை. சிலிண்டர் சுழலும் திசையில் அது தானே கழல்வதைக் கண்டு, பின்னர் இடமரையாக மாற்றினார்கள். தம் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று தெரியாமல் அதைத் திருகக் கூடாது. திருகும்போது அறைகளில் வெற்றுக் கூடுகளை இட்டுவைத்தால் வெளியேற்றியின் சிறு ஊசிகள் வளையாமல் தப்பும். சிலிண்டரை மணிக்கட்டை உதறி மூடும் சினிமா வழக்கம், அதைத் தாங்கும் யோக்கை வளைத்துவிடும். பக்கத் தகட்டைத் திருப்புளியால் நெம்பக் கூடாது. திருகுகளை எடுத்துவிட்டு, சட்டகத்தை மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் தகடு தானே எழும்பிவரும். தோலுறையில் வைத்துப் பல மாதங்கள் பூட்டிவைப்பதும் ஆகாது, தோல் ஈரத்தை உறிஞ்சி நீலமெருகைத் துருவாக்கிவிடும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பெட்டியில், பூட்டி வைக்க வேண்டும்.

கே-22-க்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. மெழுகு பூசிய .22 தோட்டாக்களைச் சில சுற்றுகள் சுட்டதும் அறைகளில் படிவு சேர்ந்து, கூடுகள் வெளியேற அடம்பிடிக்கும். சிறு பித்தளைத் தூரிகையை ஒவ்வோர் அறையிலும் ஒருமுறை ஓட்டிவிட்டால் மீண்டும் வழுக்கிவிடும். நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களை அதே அறைகளில் சுடுவதை நான் தவிர்க்கிறேன்; அவை விட்டுச்செல்லும் ஈய வளையம் பின்னர் நீளமான தோட்டாக்களை முழுதாக நுழைய விடாது.

இரண்டில் எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் கே-22-ஐத்தான் சொல்கிறேன். பின்னுதைப்பு இல்லாததால் விசையையும் குறியையும் பற்றிய பாடம் அச்சமின்றி மனத்தில் பதியும். தோட்டாச் செலவு குறைவு. அதே எடை, அதே குறி, அதே இழுவை என்பதால் கற்றது எதுவும் வீணாகாது. அது கைவந்தபின் .38-க்கு நகரலாம். .38-ஐ மட்டும் வாங்கிவிட்டவர் மனம் தளர வேண்டியதில்லை: வாட்கட்டரோடு தொடங்கி, முதல் மாதங்கள் முழுவதும் 25 கஜத்தைத் தாண்டாமல், சிங்கிள் ஆக்ஷனில் மட்டும், ஐந்தைந்தாகச் சுடட்டும், ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் வழக்கமாக நிற்கத் தொடங்கியபின் டபுள் ஆக்ஷனுக்கும் 50 கஜத்துக்கும் போகட்டும்.